டிகோடர், ஆண்டெனா, கேபிள்: இலக்கவியல் தொலைக்காட்சிக்கு எது தேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மலேசியாவில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு ஆண்டுகள் சில ஆகிவிட்டன. 2019ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி லங்காவியில் தொடங்கிய அந்தப் பணி, அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி சபா, சரவாக் மாநிலங்களோடு நிறைவு பெற்றது. அன்று முதல், அரசாங்கத்தின் ஆர்டிஎம் அலைவரிசைகளானாலும் தனியார் அலைவரிசைகளானாலும், ஆண்டெனா வழியே இலவசமாகப் பார்க்க வேண்டுமென்றால் இலக்கவியல் (டிஜிட்டல்) அலையைப் பிடிக்கும் கருவி வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த செய்திதானே என்று தங்கள் வாசகர்களில் பலர் எண்ணக்கூடும். சுங்கை பட்டாணி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டு வயரிங் வேலையும் ஆண்டெனா கட்டும் வேலையும் செய்து ஓய்வுபெற்ற நான் அப்படி எண்ணவில்லை. இன்றும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்தால், வாங்க வேண்டாததை வாங்கி வைத்திருக்கிறார்கள். அல்லது கையில் இருக்கும் நல்ல பொருளை எங்கே செருகுவதென்று தெரியாமல் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் பெரும்பாலானவை நம்மவர் வீடுகள் என்பதால்தான் இதைத் தமிழ் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

சென்ற மாதம் பீடோங்கில் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், தனியாக இருக்கிறார். டிவி இரண்டில் வரும் தமிழ்ச் செய்தியைப் பார்த்து வருடக்கணக்காகிறது என்றார். இதற்காக அவர் பணம் செலவழிக்காமலும் இல்லை. ஒரு கடையில் ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்று சொல்லி விற்றதை வாங்கி, ஆள் வைத்துக் கூரையில் கட்டியிருக்கிறார். ஆண்டெனா நல்ல ஆண்டெனாதான். திசையும் சரியாகத்தான் இருந்தது. தொலைக்காட்சியின் பின்புறம் போய்ப் பார்த்தபோது, கூரையிலிருந்து வந்த கேபிள் நேராகத் தொலைக்காட்சிக்குள் போயிருந்தது. அந்தத் தொலைக்காட்சியோ தட்டைத் திரை கொண்டதாக இருந்தாலும் அனலாக் காலத்தில் செய்யப்பட்டது. இலக்கவியல் அலையைப் புரிந்துகொள்ளும் பாகம் அதற்குள் கிடையாது. “டிகோடர் ஏதும் வாங்கவில்லையா பெரியம்மா?” என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தவர், துணி அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரிம் என்ற அரசாங்க உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட டிகோடர் அது; இலக்கவியல் அலையைப் பழைய தொலைக்காட்சிக்குப் புரியும்படி மாற்றித் தரும் பெட்டி. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு, “மாட்டினால் மாதா மாதம் பில் வருமே தம்பி, யார் கட்டுவது?” என்றார்.

அந்தப் பதில் என்னை விட்டு இன்னும் போகவில்லை. பெட்டியை மாட்டி, படம் வரவழைக்க இருபது நிமிடம் ஆயிற்று. மாதக் கட்டணம் ஒரு காசும் இல்லை என்பதை யாராவது ஒருவர் தமிழில் அவருக்குச் சொல்லியிருந்தால், ஆண்டெனாச் செலவுக்குப் பிறகும் அத்தனை ஆண்டுகள் இருண்ட திரையின் முன்னால் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆகவே முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்: மைடிவி நிறுவனத்தின் கட்டமைப்பு வழியே ‘மைஃபிரீவியூ’ என்ற பெயரில் வரும் இந்தச் சேவை இலவசம். கருவிகளுக்கு ஒரு முறை செலவு செய்தால் போதும்.

இனி கருவிகளைப் பற்றி. வீட்டுக்குள் வர வேண்டியவை மூன்று: அலையைப் பிடிக்கும் ஆண்டெனா, அதைக் கீழே கொண்டுவரும் கேபிள், அதைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றும் ‘வாங்கி’ (ரிசீவர்). மூன்றில் எது உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் வீண்செலவு வராது. பெரியம்மாவிடம் ‘வாங்கி’, அதாவது டிகோடர், ஏற்கெனவே இருந்தது. அதை மாட்டாமல், ஆண்டெனா மட்டும்தான் இல்லை என்று நினைத்து அதை வாங்கினார்.

வாங்கி இரண்டு விதமாக அமையலாம். புதிய தொலைக்காட்சிகளில் அது உள்ளேயே இருக்கும். இல்லாத தொலைக்காட்சிக்கு வெளியே டிகோடர் வைக்க வேண்டும். உள்ளே இருக்கிறதா என்று அறிவது எப்படி? இங்கேதான் மக்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். ‘ஸ்மார்ட் டிவி’ என்று எழுதியிருந்தால் இணையத்தில் ஓடும் என்று பொருளே தவிர, ஆண்டெனா வழியே வரும் இலக்கவியல் அலையைப் பிடிக்கும் என்று பொருளல்ல. ‘எச்டி’, ‘எல்இடி’ என்ற சொற்கள் திரையைப் பற்றியவை. நீங்கள் தேட வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: டிவிபி-டி2. நம் நாட்டு நிலப்பரப்பு ஒளிபரப்பு இந்த முறையில்தான் நடக்கிறது. அட்டைப்பெட்டியிலோ தொலைக்காட்சியின் பின்புறத்திலோ கையேட்டிலோ அந்த எழுத்துகள் இருக்க வேண்டும். கடைசியில் வரும் ‘2’ என்ற எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ‘2’ இல்லாமல் போனதால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நேரில் கண்டேன். பெர்த் நகரில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய மகன், அங்கே பயன்படுத்திய பெரிய தொலைக்காட்சியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆஸ்திரேலியாவிலும் இலக்கவியல் ஒளிபரப்புதான். ஆனால் அங்கே நடப்பது முந்திய தலைமுறையான டிவிபி-டி. முந்திய தலைமுறை வாங்கி, பிந்திய தலைமுறை அலையைப் புரிந்துகொள்ளாது. எத்தனை முறை தேடினாலும் திரையில் ‘அலைவரிசை இல்லை’ என்றே வந்தது. ஆண்டெனாவை மூன்று முறை மாற்றிக் கட்டிய பிறகுதான் என்னை அழைத்தார்கள். அந்தத் தொலைக்காட்சியைத் தூக்கிப் போட வேண்டிய தேவையே இல்லை. நூறு வெள்ளி அளவில் ஒரு டிகோடரை வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தோம். அந்தப் பெரிய திரையில் படம் கண்ணாடி போல வந்தது. வெளிநாட்டிலிருந்து தொலைக்காட்சி கொண்டுவருகிறவர்களும், இணையக் கடையில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குகிறவர்களும், இரண்டாங்கை வாங்குகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சி பழையது என்பதற்காக யாரும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பருத்த பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியில்கூட மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் இருந்தால் டிகோடரை இணைத்துவிடலாம். அவையும் இல்லாமல் ஆண்டெனாத் துளை மட்டும் உள்ள மிகப் பழைய தொலைக்காட்சி என்றால், இடையில் மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி ஒன்று தேவைப்படும். அந்தச் செலவுக்கு அது தகுதியானதா என்று யோசித்துச் செய்யலாம்.

டிகோடர் வாங்கும்போது இன்னொரு குழப்பமும் இருக்கிறது. துணைக்கோளத் தட்டுக்கான பெட்டியும் நிலப்பரப்பு ஒளிபரப்புக்கான பெட்டியும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கும். முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணைக்கோளப் பெட்டியின் கேபிள் துளையைச் சுற்றித் திருகு மரை இருக்கும். நமக்கு வேண்டிய பெட்டியின் துளை மரையில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். கேபிளை அப்படியே அழுத்திச் செருக வேண்டும். விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதோடு, தொடர்புக் கருவிகளுக்குத் தரச் சான்று நிறுவனமான ‘சிரிம்’ சான்றளித்து ஒட்டப்படும் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குவது நல்லது.

ஒரு டிகோடர் ஒரு தொலைக்காட்சிக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வரவேற்பறையில் ஒன்று, அறையில் ஒன்று என்று இரண்டு தொலைக்காட்சிகளில் வேறு வேறு அலைவரிசை பார்க்க விரும்பினால் இரண்டு வாங்கிகள் வேண்டும். ஆண்டெனா மட்டும் ஒன்று போதும். கேபிளைப் பிரிக்கும் ஸ்பிலிட்டர் வழியே போகும்போது அலையின் வலிமை ஒவ்வொரு கிளையிலும் பாதி அளவுக்கும் கீழே குறைந்துவிடும் என்பதால், ஏற்கெனவே அலை மெலிந்த இடத்தில் அது ஒத்துவராது.

ஆண்டெனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் வாழ்நாளில் பெரும்பகுதி கூரைமேல் கழிந்தது. ‘டிஜிட்டல் ஆண்டெனா’ என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வருவது அனலாக்கா இலக்கவியலா என்பது ஆண்டெனாவுக்குத் தெரியாது. எந்த அலைவெண்ணுக்கு ஏற்ற அளவில் அதன் குச்சிகள் வெட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான் கணக்கு. அனலாக் காலத்தில் பல வட்டாரங்களில் டிவி ஒன்றும் டிவி இரண்டும் விஎச்எஃப் என்ற தாழ்ந்த அலைவெண்ணில் வந்தன. அதனால்தான் பழைய வீடுகளின் கூரையில் இரண்டடி, மூன்றடி, சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான குச்சிகள் கொண்ட ஆண்டெனாக்களைப் பார்க்கிறோம். இலக்கவியல் ஒளிபரப்பு யுஎச்எஃப் என்ற உயர்ந்த அலைவெண் பகுதியில் நடக்கிறது. 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்குக் குச்சியின் நீளம் ஓரடியும் அதற்குக் குறைவுமே. நெருக்கமாக, மீன் முள் போல வரிசையாக இருக்கும். உங்கள் கூரையில் இருக்கும் ஆண்டெனாவில் நீளக் குச்சிகள் மட்டுமே இருந்தால் அதை மாற்ற வேண்டும். நீளமும் குட்டையும் கலந்திருந்தால், அல்லது குட்டைக் குச்சிகள் மட்டும் இருந்தால், துருப்பிடித்து உடைந்துபோகாத வரையில் அதையே வைத்துக்கொள்ளலாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஏணி கூட வேண்டாம்.

இந்த அலைவெண் மாற்றத்துக்கு ஒரு காரணமும் உண்டு. இலக்கவியலில் ஓர் அலைவரிசைக்குத் தேவைப்பட்ட இடத்தில் பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்ப முடிவதால், தொலைக்காட்சிகளை 694க்குக் கீழே நெருக்கி வைத்து, அதற்கு மேலுள்ள 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கைப்பேசிச் சேவைகளுக்குத் திறந்துவிட்டார்கள். அலையைப் பெருக்கிக் கொடுக்கும் பழைய ஆண்டெனா பூஸ்டர்கள் சில அந்தக் கைப்பேசி அலையையும் சேர்த்துப் பெருக்கித் தொலைக்காட்சியைக் குழப்பிவிடும். புதிதாகப் பூஸ்டர் வாங்குகிறவர்கள் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வடிகட்டும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆனால் பூஸ்டர் எல்லாருக்கும் தேவையா? தேவையில்லை. எங்கள் பகுதிக்கு குனோங் ஜெராயிலிருந்து அலை வருகிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள மலை. சுங்கை பட்டாணியில் எந்தத் தெருவில் நின்று வடக்கே பார்த்தாலும் பெரும்பாலும் கண்ணில் படும். மலை கண்ணுக்குத் தெரிகிற வீட்டில் பூஸ்டர் வைத்தால் அலை அளவுக்கு மீறிப் பெருகி, இருந்த படமும் போய்விடும். இப்படிப் பூஸ்டரைக் கழற்றியே படம் வரவழைத்த வீடுகள் பல. ஈப்போவில் இருப்பவருக்கு கிளேடாங் மலை, கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு குனோங் உலு காலி, மலாக்கா, வட ஜொகூர்ப் பக்கம் குனோங் லேடாங் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மலை உண்டு. ஆண்டெனாவின் குட்டைக் குச்சி முனை அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால், நன்றாகப் படம் தெரிகிற பக்கத்து வீட்டின் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தால் போதும்.

வீட்டுக்குள்ளேயே வைக்கும் சிறிய ஆண்டெனா போதுமா என்று பலர் கேட்கிறார்கள். மலைக்கு நேராகச் சன்னல் இருக்கிற அடுக்குமாடி வீட்டில் போதும். துத்தநாகக் கூரை போட்ட தரைவீட்டில், அல்லது முன்னால் உயரமான கட்டடம் எழும்பிவிட்ட தாமான் குடியிருப்பில் போதாது. தகரம் அலையை உள்ளே விடாது. எனவே ஒரு நாள் இரவல் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுப்பது நல்லது. சில உள் ஆண்டெனாக்களுக்கு மின்சாரம் வேண்டும். அதை டிகோடரே கேபிள் வழியாகக் கொடுக்கும். ஆனால் டிகோடரின் பட்டியலில் ‘ஆண்டெனா பவர்’ என்ற இடத்தைத் திறந்துவிட வேண்டும். அது மூடியே இருப்பதால் ‘ஆண்டெனா கெட்டுவிட்டது’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். மலைகள் முற்றிலும் மறைத்து, நிலப்பரப்பு அலை எட்டாத உட்பகுதிகளுக்குத் துணைக்கோள வழியாக அதே இலவச அலைவரிசைகளைப் பெறும் ஏற்பாடும் இருக்கிறது. அங்கே கூரை ஆண்டெனாவில் பணத்தைப் போடுவதற்கு முன் அதைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது பொருளான கேபிளை யாரும் பொருட்படுத்துவதில்லை. என் அனுபவத்தில் பாதிக் கோளாறு அதில்தான். பழைய வீடுகளில் இரட்டைக் கம்பி பதித்த தட்டையான நாடாக் கேபிள் இன்னும் ஓடுகிறது. வெயிலிலும் மழையிலும் அது வெடித்து, ஈரம் ஏறியிருக்கும். பீடோங் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், படம் வந்து வந்து போகிறது என்றார்கள். கூரை முனையில் இருந்த இணைப்பை வெட்டிப் பார்த்தேன். உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. கேபிளைப் பிழிந்தால் தண்ணீர் வரும் என்ற நிலை. ஆர்ஜி6 என்ற உருண்டைக் கேபிளை ஒரே நீளமாக, இடையில் முடிச்சில்லாமல் இறக்கி, வெளி முனையில் நீர் புகாத நாடா சுற்றியதும் சரியாகிவிட்டது. புது டிகோடர் வாங்கவிருந்த குடும்பம் அது.

அனலாக்கில் கேபிள் பழுதானால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் ஏதோ தெரியும். அதைப் பார்த்தே நம் பெரியவர்கள் ஆண்டெனாவைத் திருப்பச் சொல்லிக் கூரைக்கு ஆளனுப்புவார்கள். இலக்கவியலில் அந்த நடுநிலை கிடையாது. அலை போதுமான அளவு இருக்கும் வரை படம் குறையில்லாமல் இருக்கும். கொஞ்சம் குறைந்தால் சதுரம் சதுரமாகச் சிதறும். அதற்கும் கீழே போனால் ஒரேயடியாக இருட்டு. அதனால் கண்ணால் பார்த்துத் திருப்ப முடியாது. டிகோடரில் வலிமை என்று ஒரு கோடும் தரம் என்று ஒரு கோடும் காட்டும் பக்கம் உண்டு. தரக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஆண்டெனாவை மெல்லத் திருப்ப வேண்டும். வலிமை நிறைந்து, தரம் தாழ்ந்திருந்தால் பூஸ்டரையும் இணைப்புகளையும் சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று: அடைமழையில் தட்டு வழியாக வரும் படம் நின்றுபோவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். யுஎச்எஃப் அலையை மழை அப்படித் தடுப்பதில்லை. மழையின்போது மட்டும் உங்கள் ஆண்டெனாப் படம் போகிறதென்றால், கேபிளுக்குள் தண்ணீர் போகிறது என்றே கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியான பிறகும் இரண்டு செயல்கள் பாக்கி. தொலைக்காட்சியின் ரிமோட்டில் ‘சோர்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தி, டிகோடர் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு டிகோடரின் ரிமோட்டில் தானியங்கித் தேடலை ஓடவிட வேண்டும். டிவி இரண்டு 102ஆம் எண்ணில் வந்து உட்காரும். மின்னல் எஃப்எம் வானொலியும் அதே பட்டியலில் கிடைக்கும். இரண்டு ரிமோட்டுகள் என்பதுதான் வயதானவர்களுக்குப் பெரும் இடைஞ்சல். பழைய பழக்கத்தில் தொலைக்காட்சி ரிமோட்டில் எண்ணை அழுத்துவார்கள், திரை நீலமாகிவிடும், மறுபடி பேரப்பிள்ளைகள் வரும் வரை அப்படியே இருக்கும். பெரியம்மா வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டின் எண் பொத்தான்கள் மேல் மருத்துவ நாடாவை ஒட்டி, ‘இது திறக்க மட்டும்’ என்று எழுதினேன். டிகோடர் ரிமோட்டின் பின்னால் ‘தமிழ்ச் செய்தி 102’ என்று எழுதி ஒட்டினேன். நான் செய்த வேலைகளிலேயே அவருக்கு அதிகம் உதவியது அந்த இரண்டு துண்டு நாடாதான்.

கட்டணத் துணைக்கோளத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் சந்தாவோ அதே நிறுவனத்தின் என்ஜோய் பெட்டியோ வைத்திருக்கிறவர்களுக்கு டிவி ஒன்று, டிவி இரண்டு போன்றவை ஏற்கெனவே தட்டு வழியே வருகின்றன. அவர்கள் இதற்கென்று எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சந்தாவை நிறுத்த நினைக்கும் குடும்பங்கள் இன்று பல. நிறுத்திய பிறகு செய்தியும் நாடகமும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே மாதக் கட்டணத்தைக் கட்டிவருகிறவர்களை நான் சந்திக்கிறேன். அவர்களுக்கு இந்த இலவச வழி இருக்கிறது என்பதும், அதற்கு எவ்வளவு குறைந்த செலவு என்பதும் தெரிய வேண்டும். பருவமழைக் காலத்தில் வெள்ளச் செய்தியைத் தன் மொழியில், இணையத் தரவு செலவில்லாமல் கேட்க முடிவது தனியாக வாழும் ஒரு முதியவருக்குச் சிறிய உதவியல்ல.

நான் மாட்டிக் கொடுத்த பெட்டிகளுடன் வந்த கையேடுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு தலைமுறைக்கு அவற்றால் பயன் குறைவு. ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து, எந்தக் கேபிள் எந்தத் துளையில், மாதக் கட்டணம் இல்லை, மழையில் படம் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அளவுக்குச் சொன்னால் போதும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இதைச் செய்ய முன்வர வேண்டுமென்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மின்சாதனக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விலைச்சீட்டில் திரையின் அங்குலத்தை எழுதுவதுபோல ‘டிவிபி-டி2 உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுதி வையுங்கள், ஆண்டெனா கேட்டு வருகிறவரிடம், வீட்டில் என்ன தொலைக்காட்சி இருக்கிறது, டிகோடர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்பனை செய்யுங்கள். படித்த பிள்ளைகள் அடுத்த முறை தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகும்போது அலமாரியின் மேல்தட்டைக் கொஞ்சம் பார்க்கட்டும். பிரிக்காத டிகோடர்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்க இயலுமானால், டிகோடரின் பின்புறத்தையும் தொலைக்காட்சியின் பின்புறத்தையும் படமாக வரைந்து, ஒவ்வொரு துளைக்கும் தமிழில் பெயர் எழுதி நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயரிங் தொழிலாளி,
சுங்கை பட்டாணி, கெடா.